செயற்கை நுண்ணறிவும் தலைமையாசிரியரின் அமானிதமும்

மண்ணச்சநல்லூர் என்றால் திருச்சி மாவட்டத்தில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அரிசி ஆலைகள்தான். இன்றைய நவீன அரிசி ஆலைகளில் 'சார்டெக்ஸ்' என்று ஆலைக்காரர்கள் சொல்லும் நிறம் பிரிக்கும் இயந்திரம் இருக்கிறது. அரிசி மணிகள் கேமராவுக்கு முன்னால் அருவிபோல் விழும். கறுப்பு மணியோ பழுப்பு மணியோ கேமராவில் பட்டதும், அந்த மணியை மட்டும் காற்று ஊதித் தள்ளிவிடும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

ஆனால் எவ்வளவு கறுப்பு இருந்தால் தள்ள வேண்டும் என்பதை இயந்திரம் முடிவு செய்வதில்லை. பக்கத்தில் நிற்கும் மனிதர்தான் அளவு வைக்கிறார். இறுக்கி வைத்தால் நல்ல அரிசியும் கழிவில் போய்விடும். தளர்த்தி வைத்தால் கறுப்பு மணி மூட்டையில் ஏறிவிடும். அதனால் தொழில் தெரிந்தவர் கழிவுப் பக்கம் விழுவதை அவ்வப்போது கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இதே வகை அறிவு கொண்ட இயந்திரம் இப்போது நம் பள்ளிக்கூடங்களுக்குள் வந்துகொண்டிருக்கிறது. அங்கே அதற்கு முன்னால் நிற்பது அரிசி அல்ல, நம் பிள்ளைகள். அங்கே அளவு வைக்கப்போவது யார்? கழிவுப் பக்கம் தள்ளப்படுவதைக் கையில் அள்ளிப் பார்க்கப்போவது யார்? அந்தப் பொறுப்பு தலைமையாசிரியருடையது. அவருக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் பள்ளி நிர்வாகத்தினரும் பெற்றோரும் ஜமாஅத்தாரும். இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது

செயற்கை நுண்ணறிவு, சுருக்கமாக ஏ.ஐ., பள்ளிக்கு வருமா வராதா என்று விவாதிக்கும் காலம் கடந்துவிட்டது. சி.பி.எஸ்.இ. 2019-20 கல்வியாண்டிலேயே ஒன்பதாம் வகுப்பில் ஏ.ஐ.யை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்தே ஏ.ஐ. குறித்த அடிப்படைப் பாடம் 2026-27இல் தொடங்கும் என்று 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. தமிழ்நாடு அரசும் 'டி.என். ஸ்பார்க்' என்ற திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வகுப்பு மாணவர்களுக்கு ஏ.ஐ., ரோபோட்டிக்ஸ் ஆகியவற்றை அறிமுகம் செய்கிறது. ஹைடெக் லேப், ஸ்மார்ட் கிளாஸ், 2023இல் வந்த 'மணற்கேணி' செயலி ஆகியவை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன.

இவை அரசாணை வழியாக வருபவை. அரசாணை எதுவும் இல்லாமல் வருவது இன்னும் அதிகம். தந்தை வளைகுடாவில் இருக்க, வீட்டில் இருக்கும் தாயின் கைபேசியில் பிள்ளை வீட்டுப்பாடக் கேள்வியை சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ கேட்கிறது. பதில் உடனே வருகிறது. பிள்ளை அதைப் பார்த்து நோட்டில் எழுதுகிறது. ஆசிரியர் சரி என்று குறிக்கிறார். மூவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

இது எப்படி வேலை செய்கிறது?

ஏ.ஐ.யைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். சாட்ஜிபிடி போன்றவை கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு பயிற்சி பெற்றவை. ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றாகக் கோத்து வாக்கியமாகத் தருகின்றன. சொல்வது உண்மையா என்ற கவலை அந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் தெரியாததையும் தெரிந்ததுபோல் அழகான நடையில் சொல்லிவிடுகின்றன.

நம் சமுதாயம் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து இதில் உண்டு. இல்லாத ஒரு ஹதீஸை நூலின் பெயரும் எண்ணும் போட்டு இந்த இயந்திரம் எழுதித் தந்துவிடும். மக்தப் பிள்ளை அதை அப்படியே மேடையில் ஒப்பிக்கவும் கூடும். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி அல்குர்ஆன் (49:6) நமக்குக் கட்டளையிடுகிறது. செய்தியைக் கொண்டுவருவது மனிதராக இருந்தாலும் இயந்திரமாக இருந்தாலும் விசாரிக்கும் கடமை நம்முடையதுதான்.

இன்னொரு குறை மொழி. இவை பயின்றதில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழில் கேட்டால் ற-ர, ண-ன பிழைகளோடும், நம் பாடநூலில் இல்லாத கலைச்சொற்களோடும் பதில் வரலாம். ஆங்கிலவழிப் பள்ளியின் பிள்ளைக்குக் கிடைக்கும் தரம் தமிழ்வழிப் பள்ளியின் பிள்ளைக்குக் கிடைக்காது. கவனிக்காமல் விட்டால், ஏற்கெனவே பின்தங்கியிருப்பவரை இந்தக் கருவி இன்னும் பின்னுக்குத் தள்ளும்.

துருக்கி தரும் பாடம்

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 1,000 மாணவர்களை வைத்துக் கணிதப் பாடத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற ஒரு கருவி கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு மாற்றி அமைக்கப்பட்ட கருவி. மூன்றாம் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும்.

பயிற்சி வகுப்பில் முதல் பிரிவின் மதிப்பெண் 48 சதவீதம் உயர்ந்தது. குறிப்பு மட்டும் பெற்ற பிரிவு 127 சதவீதம் உயர்ந்தது. பிறகு கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு நடத்தினார்கள். முதல் பிரிவு, கருவியையே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக மதிப்பெண் எடுத்தது. குறிப்பு மட்டும் பெற்ற பிரிவில் அந்தச் சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை. அதே நேரம், அவர்கள் கருவியில்லாத மாணவர்களை முந்திவிடவும் இல்லை.

இரு பிரிவுக்கும் உள்ளே இருந்தது ஒரே இயந்திரம்தான். எப்படிக் கொடுப்பது என்ற முடிவுதான் வேறு. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் பள்ளியின் தலைவர். கல்வி ஆய்வாளர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு. பள்ளிக்குள் மாணவரின் கற்றலைப் பாதிக்கும் காரணங்களில் முதலிடம் வகுப்பறைக் கற்பித்தலுக்கு, அதற்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்கு. யுனெஸ்கோ தன் 2024-25 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையின் பொருளாகக் கல்வித் தலைமையையே எடுத்துக்கொண்டது.

கணக்கு சரி, நீதி எங்கே?

2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தை நாம் மறந்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணையும் வருகைப்பதிவையும் வைத்து அனைவருக்கும் தேர்ச்சி வழங்கப்பட்டது. அதே ஆண்டு இங்கிலாந்திலும் நம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தேர்வு ரத்தானது. அங்கே வேறு வழி எடுத்தார்கள். ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மதிப்பீடு கொடுத்தார்கள். அதை ஒரு கணினிக் கணக்குமுறை திருத்தியது. அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் எப்படித் தேர்ச்சி காட்டியது என்பதும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது.

ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தது. ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீடுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தன. பின்தங்கிய பகுதிப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, தனக்கு முன்னால் அங்கே படித்தவர்களின் மதிப்பெண்ணுக்காகத் தண்டனை பெற்றது. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த வகுப்புகளில் ஆசிரியரின் மதிப்பீடே ஏற்கப்பட்டதால், சிறு வகுப்புகள் அதிகம் உள்ள தனியார் பள்ளிகள் பயனடைந்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு பின்வாங்கி ஆசிரியர்களின் மதிப்பீட்டையே ஏற்றது.

அது ஒரு கணக்குமுறைதான். இன்றைய ஏ.ஐ. அளவுக்குக்கூட அது வளர்ந்தது அல்ல. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கடந்தகாலப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை அது உலகத்துக்குக் காட்டிவிட்டது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவர்கள். அவர்களின் தெருவுக்கும் குடும்பத்துக்கும் பழைய தேர்ச்சிக் கணக்கு எதுவும் கிடையாது. பழைய கணக்கை வைத்து எடை போட்டால், எடை குறைவாகத்தான் காட்டும்.

'இது ஏ.ஐ. எழுதியதா' என்று கண்டுபிடித்துச் சொல்லும் கருவிகளும் இப்படித்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியது என்று தவறாகக் குறித்ததை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் எடுத்துக்காட்டினார்கள். அதே ஆண்டு ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று திரும்பப் பெற்றது. இப்படிப்பட்ட கருவியின் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளையை வகுப்பில் நிற்கவைத்து 'நீ காப்பி அடித்தாய்' என்று சொன்னால், அது பொய்க்குற்றம் சுமத்திய பாவத்தில் நம்மைச் சேர்த்துவிடும்.

பத்ரு தரும் வழிகாட்டல்

அப்படியானால் இதெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. பத்ருப் போரில் சிறைபிடிக்கப்பட்ட மக்காவாசிகளில் பிணைத்தொகை கொடுக்க வசதியற்ற, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற நபி (ஸல்) அவர்கள் வழி செய்தார்கள் என்பதை நாம் அறிவோம். நேற்றுவரை வாள் எடுத்து எதிரே நின்றவர்களிடமிருந்தும் கல்வியைப் பெறலாம் என்று காட்டிய மார்க்கம் இது.

அந்த நிகழ்ச்சியில் நாம் அதிகம் பேசாத இன்னொரு பக்கமும் உண்டு. என்ன கற்றுக்கொடுக்க வேண்டும், யாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை அந்த ஆசிரியர்கள் முடிவு செய்யவில்லை, நபி (ஸல்) அவர்களே முடிவு செய்தார்கள். கைதிகளிடமிருந்து எழுத்தைப் பெற்றார்கள். பிள்ளைகளின் ஈமானையும் ஒழுக்கத்தையும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. ஏ.ஐ. விஷயத்தில் ஒரு தலைமையாசிரியர் பின்பற்ற வேண்டிய முறை இதுதான்.

அல்காரிதம் என்ற சொல்லே ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தப் பெருமையால் இன்று நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு வந்துவிடாது. அதற்கு வகுப்பில் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும்.

முதலில் ஆசிரியருக்குப் பயிற்சி

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2024-25இல் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் ஏ.ஐ. சேர்க்கப்பட்டது. முகபாவனையை அடையாளம் காணும் நிரல் ஒன்றை மாணவர்களே செய்து பார்க்கும்படி பாடம் அமைந்தது. அந்த ஆண்டு மே மாதத்திலேயே, அதாவது பள்ளி திறப்பதற்கு முன்னாலேயே, 80,000 ஆசிரியர்களுக்கு ஏ.ஐ. பயிற்சி கொடுக்கும் பணியை அந்த மாநிலத்தின் 'கைட்' நிறுவனம் தொடங்கிவிட்டது. பெரிய கூட்டமாக உட்காரவைத்துச் சொற்பொழிவு செய்யாமல், சிறு சிறு குழுக்களாக மூன்று நாள் நேரடிப் பயிற்சி கொடுத்தார்கள்.

நம் பகுதியில் இது பல இடங்களில் தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறோம். முதலில் கருவி வாங்கப்படும். பிறகு 'ஏ.ஐ. வகுப்பறை' என்று ஃபிளெக்ஸ் போர்டு வைக்கப்படும். அதன் பிறகு கட்டணம் உயரும். ஆசிரியருக்குப் பயிற்சி என்பது கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். நிர்வாகத்தினர் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

தலைமையாசிரியர் என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லாமல், ஒரு சிறிய உதவிபெறும் பள்ளியிலும்கூட வரும் கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடியவை சில:

1. முதலில் தாமே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். தம் பாடத்திலிருந்து பத்துக் கேள்விகளைத் தமிழில் கேட்டு, எத்தனை பதில் சரி, எத்தனை தவறு என்று பாடநூலோடு ஒப்பிட்டு ஆசிரியர் கூட்டத்தில் காட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பல பயத்தையும் பல மயக்கத்தையும் ஒருசேரப் போக்கிவிடும்.

2. எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒரே பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும். சுற்றறிக்கை, மாதிரி வினாத்தாள், கால அட்டவணை, பாடத்திட்டக் குறிப்பு ஆகியவற்றின் முதல் வரைவுக்கு உதவி பெறலாம். பிள்ளையின் தேர்ச்சி, தண்டனை, வகுப்புப் பிரிவு, மார்க்க விளக்கம் ஆகியவற்றில் இறுதிச் சொல் மனிதருடையதாகவே இருக்க வேண்டும்.

3. வீட்டுப்பாடத்தின் வடிவை மாற்ற வேண்டும். பார்த்து எழுதி வரும் பதிலுக்கு இனி மதிப்பு குறைவு. எழுதியதை வகுப்பில் தன் சொல்லில் இரண்டு நிமிடம் விளக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். பாட்டியிடம் கேட்டு எழுது, ஊர் அரிசி ஆலையைப் பார்த்து எழுது, கடைத்தெருவில் விலை விசாரித்துக் கணக்குப் போடு என்று கொடுத்தால் இயந்திரத்தால் பதில் சொல்ல முடியாது.

4. பிள்ளைகளின் விவரங்களைக் காக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், ஆதார் எண், உதவித்தொகை விண்ணப்பம், மாணவிகளின் படங்கள் ஆகியவற்றை இலவசச் செயலிகளில் ஏற்றக் கூடாது. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் பொது விதி.

5. வயது வரம்பைப் பேண வேண்டும். வகுப்பறையில் இத்தகைய உரையாடல் கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது என்று யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைக்கிறது. சாட்ஜிபிடியின் விதிகளும் 13 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை, 18 வயதுவரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்கின்றன. சிறு வகுப்புகளுக்கு, வாய்விட்டு வாசிக்கும் பிள்ளையைக் கேட்டுத் திருத்தும் கூகுளின் 'ரீட் அலாங்' போன்ற வாசிப்புச் செயலிகள் தமிழிலும் உண்டு. அவற்றை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது பயன்படுத்தலாம்.

6. மிச்சமாகும் நேரத்தை என்ன செய்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். வினாத்தாள் தயாரிக்கும் இரண்டு மணி நேரம் அரை மணியாகக் குறைந்தால், மீதி ஒன்றரை மணி நேரம் வாசிக்கத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்காரப் பயன்பட வேண்டும். தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயரை எமிஸ் பதிவு காட்டிக்கொடுக்கும். அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவை ஆசிரியர்தான் தட்ட வேண்டும்.

ஜமாஅத்தும் பெற்றோரும்

தலைமையாசிரியரைத் தனியாக விட்டுவிட்டு அவரிடம் கணக்குக் கேட்பது நியாயமல்ல. திருச்சியில் 1951இல் ஜமால் முஹம்மது கல்லூரி எழும்பியது, ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் போன்ற வணிகப் பெருமக்கள் தங்கள் செல்வத்தைக் கல்விக்காகத் திறந்ததால்தான். இன்று அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை. பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையில் இரண்டு மூன்று கணினிகள், மாலையில் இரண்டு மணி நேரம், வழிகாட்ட ஊரின் கல்லூரி மாணவ மாணவியர் சிலர் இருந்தால் போதும். வீட்டில் கணினியில்லாத பிள்ளைக்கும் முறையான ஏ.ஐ. அறிமுகம் கிடைக்கும். மாணவிகளுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் அவர்களும் தயக்கமின்றி வருவார்கள்.

பெற்றோர் பள்ளியில் சேர்க்கும்போது 'இங்கே ஏ.ஐ. இருக்கிறதா' என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. அதை ஆசிரியர் எப்படிப் பயன்படுத்துகிறார், என் பிள்ளையின் விவரம் எங்கே போகிறது, இயந்திரம் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கானவை அல்ல. இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு உரிய இடம் அதுதான்.

நாளை மறுமையில்

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நீங்கள் விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆட்சியாளர், குடும்பத் தலைவர், தாய், பணியாளர் என்று ஒவ்வொருவரின் பொறுப்பையும் அது தனித்தனியே சொல்கிறது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர் அந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை.

'மென்பொருள் அப்படிச் சொன்னது, நான் கையெழுத்துப் போட்டேன்' என்ற பதில் கல்வி அதிகாரியிடம் ஒருவேளை செல்லுபடியாகலாம். அல்லாஹ்விடம் செல்லாது. அமானிதம் மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது, இயந்திரத்திடம் அல்ல.

அரிசி ஆலையில் கழிவுப் பக்கம் விழுவதைக் கையில் அள்ளிப் பார்க்கிறவர் நஷ்டத்துக்குப் பயந்து பார்க்கிறார். அங்கே தவறிப் போனால் நஷ்டம் சில மூட்டை அரிசி. பள்ளியில் தவறிப் போனால் போவது ஒரு பிள்ளையின் வாழ்க்கை. மதிப்பெண் பட்டியலில் கீழே தள்ளப்பட்ட பெயர்களை ஒவ்வொரு மாதமும் தாமே எடுத்து வாசித்து, அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசுகிற தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியில் ஏ.ஐ. நன்மையாகவே முடியும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அவர்களை வழிநடத்துவோருக்குப் பொறுப்புணர்வையும் வல்ல இறைவன் வழங்குவானாக. ஆமீன்.